புது வீடு வாங்குகிறீர்களா? சாவிக்கு முன்னும் பின்னும் கவனிக்க வேண்டிய சட்டமும் உத்தரவாதமும்

பத்து வருடம் ஆன வீட்டைப் பார்க்கப் போனால், எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, மாடித் தளம் எங்கே ஒழுகுகிறது என்று வீடே காட்டிக்கொடுத்துவிடும். புது வீட்டின் மீது இன்னும் ஒரு முழு மழைக்காலம்கூடப் பெய்திருக்காது. குழாய்களில் ஒரு குடும்பம் புழங்கும் அளவுக்குத் தண்ணீர் ஓடியிருக்காது. பூச்சும் பெயின்டும் எல்லாவற்றையும் மூடிவைத்திருக்கும். ஆகவே "புதுசுதானே, என்ன குறை இருந்துவிடப் போகிறது" என்ற நினைப்பை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள்.

நானும் அப்படி நினைத்தவன்தான். குடியேறிய பதினோராம் மாதம் குளியலறையின் வெளிச்சுவரில் ஓதம் தெரிந்தது. பில்டரின் ஆளுக்குப் போன் செய்தேன். "அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறேன் சார்" என்றார். அந்த அடுத்த வாரம் ஐந்தாறு முறை வந்து போனது. பொறுமை இழந்து பதின்மூன்றாம் மாதம் மின்னஞ்சல் எழுதினேன். ஒப்பந்தப்படி உத்தரவாதம் ஒரு வருடம், உங்கள் புகார் அதற்குப் பிறகுதான் எங்களுக்கு வந்திருக்கிறது என்று பணிவாகப் பதில் வந்தது. போனில் பேசியதற்குச் சான்று எதுவும் என்னிடம் இல்லை. சட்டத்தில் அதைவிட நீண்ட காலம் எனக்கு இருந்தது என்பதும் அப்போது தெரியாது. சுவரை என் செலவில் உடைத்துப் பார்த்தபோது உள்ளே ஒரு குழாய் இணைப்பு சரியாக ஒட்டப்படாமல் இருந்தது.

இந்தக் கட்டுரை அந்தப் பதின்மூன்றாம் மாதத்தைத் தவிர்ப்பதற்காக.

படி 1: உங்களுக்கு என்னென்ன உத்தரவாதம் இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

உத்தரவாதம் என்று பொதுவாகச் சொன்னாலும் அது பல இடங்களிலிருந்து வருகிறது. சட்டம் கொடுப்பது ஒன்று. பில்டர் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுப்பது இன்னொன்று. தண்ணீர் மோட்டார், ஹீட்டர், லிஃப்ட் போன்றவற்றுக்கு அவற்றைத் தயாரித்த நிறுவனம் கொடுப்பது மூன்றாவது. சில நாடுகளில் காப்பீட்டு நிறுவனம் கொடுப்பதும் சேரும். ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு வேறு, கேட்க வேண்டிய ஆளும் வேறு. ஒப்பந்தத்தில் ஒரு வருடம் என்று போட்டிருப்பதாலேயே சட்டம் கொடுக்கும் ஐந்து வருடம் காணாமல் போய்விடாது. பல நாடுகளில் வாங்குபவருக்குச் சட்டம் கொடுத்த குறைந்தபட்சப் பாதுகாப்பை ஒப்பந்தத்தால் வெட்ட முடியாது.

நாட்டுக்கு நாடு காலம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு 5 வருடம் தருகிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து அந்தக் காலத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைப்பாட்டிலோ தரத்திலோ குறை தெரிந்து நீங்கள் தெரிவித்தால், பில்டர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்புகளுக்கு 12 மாதம், மலேசியாவில் 24 மாதம். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1, 2, 7 என்று மூன்று அடுக்கு: பொதுவான வேலைப்பாட்டுக்கு 1 வருடம், நீர்க்கசிவு, வயரிங், குழாய் போன்றவற்றுக்கு 2, பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு 7. பிரிட்டனில் வழக்கமாகக் கிடைப்பது 10 வருட உத்தரவாதம். முதல் 2 வருடம் பில்டர் பொறுப்பு, மீதி 8 வருடம் பெரும்பாலும் கட்டமைப்புக்கு மட்டுமான காப்பீடு. பிரான்சிலும் மூன்று அடுக்கு: 1, 2, 10 வருடம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பெரிய குறைகளுக்கு 6 வருடம், மற்றவற்றுக்கு 2. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். பில்டர்கள் எழுதிக் கொடுக்கும் உத்தரவாதம் பெரும்பாலும் 1, 2, 10 வருடம் என்ற அடுக்குக் கணக்கில் இருக்கும்.

"பத்து வருட கேரன்டி" என்று விளம்பரப் பலகையில் பெரிதாகப் போட்டிருந்தால், அந்தப் பத்து வருடம் எதற்கு என்று கேளுங்கள். நீண்ட காலம் என்பது அநேகமாக அஸ்திவாரம், தூண், உத்திரம், தளம் ஆகியவற்றுக்கு மட்டும்தான். அதிலும் வீடு பாதுகாப்பற்றதாக ஆனால்தான் "கட்டமைப்புக் குறை" என்று ஏற்றுக்கொள்ளும் பாலிசிகள் உண்டு. டைல்ஸ் கிளம்பியது, கதவு இறுகியது, ஜன்னலோரம் மழைநீர் வந்தது எல்லாம் அதில் வராது. அன்றாடம் நம்மைப் படுத்துவது இவைதான். இவற்றுக்குக் கிடைப்பதோ குறுகிய காலம்.

படி 2: அந்த உத்தரவாதத்தின் பின்னால் யார் நிற்கிறார்கள்?

இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஜப்பானில் 2000ஆம் ஆண்டிலிருந்தே புது வீடுகளின் முக்கியக் கட்டமைப்புக்கும் மழைநீர் புகாமல் தடுக்கும் பகுதிகளுக்கும் 10 வருடப் பொறுப்பு சட்டத்தில் இருந்தது. 2005இல், நிலநடுக்கத்தைத் தாங்கும் வலிமைக் கணக்குகளை ஒரு கட்டட வடிவமைப்பாளர் பொய்யாகப் போட்டிருந்தது வெளியே வந்தது. அந்தக் கட்டடங்களை விற்ற நிறுவனம் திவாலானது. குடியிருந்தவர்களிடம் சட்டம் கொடுத்த உரிமை இருந்தது, பணம் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அப்புறம்தான், 2009 அக்டோபரிலிருந்து, புது வீடு விற்பவர் ஒன்று காப்பீடு எடுக்க வேண்டும் அல்லது பணத்தை வைப்புத்தொகையாகக் கட்டிவைக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

பில்டர்கள் பலர் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி கம்பெனி தொடங்குவார்கள். கட்டி விற்று முடித்ததும் அந்தக் கம்பெனியில் ஒரு மேசை நாற்காலிகூட மிஞ்சாது. ஆகவே ஒப்பந்தத்தில் விற்பவர் என்று எந்தப் பெயர் இருக்கிறது, அந்தப் பெயரில் வேறென்ன சொத்தோ தொழிலோ இருக்கிறது, தாய் நிறுவனம் பொறுப்பேற்று எழுதிக் கொடுக்குமா, காப்பீடு உண்டா என்று பாருங்கள். காப்பீடு உண்டு என்றால் "எடுத்திருக்கிறோம்" என்ற வாய்வார்த்தை போதாது. பாலிசி எண், உங்கள் வீட்டின் விலாசம், தொடங்கும் தேதி மூன்றும் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். பிரான்சில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள்: யார் தவறு என்று முடிவாகும்வரை காத்திருக்காமல், முதலில் வீட்டைச் சரிசெய்யப் பணம் கொடுத்துவிட்டு, பிறகு பொறுப்பானவரிடம் வசூலித்துக்கொள்ளும் தனிக் காப்பீடு அங்கே சட்டப்படி கட்டாயம்.

விலையில் ஒரு சிறு பகுதியைக் கடைசிவரை நிறுத்திவைக்க முடிந்தால் அதைவிட நல்ல உத்தரவாதம் கிடையாது. மலேசியாவில் விலையின் 5 சதவீதம் வழக்கறிஞரிடம் இருக்கும். வீடு கைக்கு வந்த 8 மாதத்தில் பாதியும், 24 மாதத்தில் மீதியும்தான் பில்டருக்குப் போகும். சட்டம் இப்படிச் சொல்லாத நாட்டிலும், கையெழுத்துக்கு முன் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. பெரும்பாலும் மறுப்பார்கள். கடைசி சில வீடுகள் விற்காமல் நிற்கும்போது ஒப்புக்கொள்பவர்களும் உண்டு.

படி 3: கையெழுத்துப் போடும் முன்

நிலம் யாருடையது, அதன்மீது வில்லங்கம், அடமானம், வழக்கு ஏதாவது இருக்கிறதா, அங்கீகரித்த பிளான்படிதான் கட்டியிருக்கிறார்களா, குடியேறலாம் என்று உள்ளாட்சி அமைப்பு சான்று கொடுத்துவிட்டதா: இவற்றை உங்கள் வழக்கறிஞர் பார்க்க வேண்டும். "எங்களிடமே வக்கீல் இருக்கிறார், உங்களுக்குச் செலவு மிச்சம்" என்ற பில்டரின் உபசாரத்தை நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். வங்கி கடன் கொடுத்துவிட்டது, அதனால் எல்லாம் சரியாக இருக்கும் என்பதும் தவறான கணக்கு. வங்கி பார்ப்பது தன் கடன் திரும்ப வருமா என்பதை. உங்கள் குளியலறைச் சுவரை அது பார்ப்பதில்லை.

கட்டடத்தின் மீது பில்டர் வாங்கிய கடன் இருந்தால், உங்கள் வீட்டை அதிலிருந்து விடுவித்ததற்கான கடிதம் பத்திரப் பதிவுக்கு முன்னால் கைக்கு வரவேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பில்டர் கடனைக் கட்டாமல் போனால், உங்கள் பணம் முழுதும் கொடுத்த பிறகும் வங்கி உங்கள் வாசலில் வந்து நிற்கலாம்.

அடுத்தது ஒப்பந்தம். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் ஒரு வரி விடாமல் படியுங்கள். எனக்குத் தெரிந்து அதிகம் பேரைக் கவிழ்ப்பவை சில வாசகங்கள்தான்.

"குறிப்பிட்டது அல்லது அதற்கு இணையானது" என்ற சொற்கள். டைல்ஸ், குழாய், ஸ்விட்ச், ஜன்னல் எல்லாவற்றுக்கும் பின்னால் இப்படிப் போட்டிருப்பார்கள். எது இணை என்று முடிவு செய்வது யார்? பிராண்டும் மாடலும் எழுதச் சொல்லுங்கள், மாற்றினால் உங்கள் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்றும் சேர்க்கச் சொல்லுங்கள். மாதிரி வீட்டைக் காட்டி விற்றிருந்தால், அதைப் போட்டோ எடுத்துவைத்து "மாதிரி வீட்டின் தரத்தில்" என்ற வரியைக் கேளுங்கள். விளம்பரத் தாள்களையும் பத்திரப்படுத்துங்கள். பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நட்டப்பட்டால் இழப்பீடு கேட்க இந்தியாவின் அதே ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு இடம் தருகிறது.

"ஒப்படைத்த நாள்" என்பதன் விளக்கம். உத்தரவாதக் காலம் அன்றுதான் ஓடத் தொடங்கும். நீங்கள் சாவி வாங்கிய நாள்தான் அது என்று நினைத்திருப்பீர்கள். சிங்கப்பூரின் வழக்கமான ஒப்பந்தத்தில், வீட்டைப் பெற்றுக்கொள்ளச் சொல்லி அறிவிப்பு வந்த 15ஆம் நாள், அல்லது நீங்கள் பெற்றுக்கொண்ட நாள், எது முந்தியதோ அதிலிருந்து கணக்கு. வெளியூரில் இருந்துகொண்டு மூன்று மாதம் கழித்துச் சாவி வாங்கினால், மூன்று மாதத்தை ஏறக்குறைய இழந்துவிட்டீர்கள்.

அப்புறம் தகராறு வந்தால் எங்கே போவது என்ற பகுதி. நீதிமன்றம் கூடாது, நடுவர் மூலம்தான் தீர்க்க வேண்டும் என்றும், நடுவரை பில்டரே நியமிப்பார் என்றும் எழுதியிருக்கலாம். இந்த உத்தரவாதத்தைத் தவிர வேறு எந்தப் பரிகாரமும் கிடையாது என்று ஒரு வரி ஒளிந்திருக்கலாம். தாமதமானால் நீங்கள் கட்ட வேண்டிய வட்டி 18 சதவீதம், பில்டர் தாமதித்தால் அவர் கொடுக்க வேண்டியது சொற்பம் என்ற ஒருதலைக் கணக்கும் சகஜம். இதில் எவையெல்லாம் உங்கள் நாட்டில் செல்லும், எவை செல்லாது என்பதை வழக்கறிஞர் சொல்வார். இந்தியாவில் இருதரப்புக்கும் ஒரே வட்டி வீதம்தான்.

முன்பணம் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யும் முன் விலையின் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. எங்கே வாங்கினாலும் காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம் மட்டும்.

படி 4: சுவர் மூடும் முன் ஒரு நடை

கட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்குகிறீர்கள் என்றால், பூச்சு வேலைக்கு முன் ஒரு நாள் போய், ஒவ்வொரு சுவரிலும் குழாயும் வயரும் எங்கே ஓடுகிறது என்று அளவு நாடாவை வைத்துப் போட்டோ எடுத்துவிடுங்கள். பின்னாளில் கசிவு தேடும்போது இந்தப் படங்கள் தங்கம்.

படி 5: சாவி வாங்கும் நாள்

அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சந்தோஷத்தில் இருப்பார்கள், பில்டரின் ஆள் அவசரப்படுத்துவார், நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டுவிடத் தோன்றும். அந்தத் தாளில் "வீட்டைப் பார்வையிட்டேன், திருப்தியாக இருக்கிறது, வேறு கோரிக்கை இல்லை" என்று இருக்கும். கண்ணுக்குத் தெரியும் குறையைச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டால், அது ஏற்கெனவே இருந்ததா, நீங்கள் சாமான் ஏற்றும்போது வந்ததா என்ற வாதம் பின்னால் கிளம்பும். அதனால் பார்வையிடும் நாளும் சாவி வாங்கும் நாளும் வேறு வேறாக இருக்கட்டும். முடிந்தால் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிப் போங்கள். வீட்டு விலையோடு ஒப்பிட்டால் அவர் வாங்கும் தொகை பெரிதாகத் தெரியாது.

பகல் வெளிச்சத்தில் போங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, தண்ணீர் வேகம் குறைகிறதா, கீழே தேங்காமல் வடிகிறதா என்று பாருங்கள். குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் அது வடிகால் பக்கம் ஓட வேண்டும், கதவுப் பக்கம் அல்ல. இன்னும் நல்லது, வடிகாலைத் துணியால் அடைத்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, 24 மணி நேரமாவது விட்டுவிட்டு, கீழ்வீட்டுக் கூரையிலும் பக்கத்துச் சுவரிலும் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பது. பில்டர் முனகுவார். நான் அன்று இதைச் செய்யாமல் விட்டேன். (என் விஷயத்தில் கசிந்தது தரை அல்ல, சுவர்க்குழாய். குளியலறையைச் சோதிக்க வந்த இன்ஜினியர் குழாயையும் அழுத்தம் வைத்துப் பார்த்திருப்பார்.)

டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள்; டொக் டொக் என்று வெற்றொலி கேட்டால் அடியில் கலவை பிடிக்கவில்லை. மெயின் போர்டில் மின்கசிவு பிரேக்கரின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அது உடனே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். விழாவிட்டால் அன்று சாவி வாங்காதீர்கள். ஒவ்வொரு கதவையும் ஜன்னலையும் திறந்து மூடுங்கள். கதவு தானாக ஆடி மூடிக்கொண்டால் நிலை சாய்ந்திருக்கிறது. அறைகளை அளந்து ஒப்பந்தத்தில் உள்ள கார்பெட் ஏரியாவோடு (வெளிச்சுவர்களுக்கு உள்ளே இருக்கும் தரைப்பரப்பு) ஒப்பிடுங்கள்.

விரிசலைக் கண்டு எல்லோரும் பயப்படுவார்கள். பூச்சு காயும்போது தலைமுடி போல மெல்லிய கோடுகள் வருவது இயல்பு. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் போய்விடும். ஜன்னல் அல்லது கதவின் மூலையிலிருந்து சாய்வாக மேலேறும் விரிசல், சுவரின் இரு பக்கமும் தெரியும் விரிசல், மாதத்துக்கு மாதம் அகலமாகும் விரிசல், இவைதான் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டியவை. விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். வளர்கிறதா இல்லையா என்பதை அந்தக் கோடே சொல்லிவிடும்.

பார்த்த குறைகளை அறைவாரியாகப் பட்டியலிட்டு, போட்டோ சேர்த்து, சரிசெய்யும் தேதியும் எழுதி, பில்டரின் ஆளிடம் கையெழுத்து வாங்குங்கள். அவர்கள் தரும் தாளில் "இணைத்துள்ள பட்டியலுக்கு உட்பட்டு" என்று உங்கள் கைப்பட எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அத்தோடு வாங்க வேண்டிய தாள்கள்: குடியேறும் சான்று, இறுதியாகக் கட்டியபடியான பிளான், குழாய், வயரிங் வரைபடங்கள், கருவிகளின் உத்தரவாத அட்டைகள், நீர்த்தடுப்பு வேலை செய்தவர் தனியாகக் கொடுத்த உத்தரவாதம் இருந்தால் அதுவும். சாவி கைமாறிய பிறகு இவற்றைக் கேட்டால் யாரும் போன் எடுக்க மாட்டார்கள்.

படி 6: முதல் வருடம்

கருவிகளை அவற்றின் நிறுவனங்களில் முதல் வாரமே பதிவு செய்யுங்கள். காலண்டரில் அல்லது போனில் மூன்று நினைவூட்டல் வையுங்கள்: முதல் பெரிய மழைக்கு மறுநாள், பத்தாம் மாதம், ஒப்பந்த உத்தரவாதம் முடிவதற்கு ஆறு வாரம் முன்பு. அந்த நாட்களில் சாவி வாங்கும் முன் பார்த்ததுபோல வீட்டை ஒரு சுற்றுப் பாருங்கள். மழைக்கு மறுநாள் ஜன்னலடி, மேல்தளத்தின் ஓரங்கள், சுவரின் அடிப்பகுதி. வெள்ளைப் பொடி போல உப்புப் பூத்திருந்தால் சுவருக்குள் ஈரம் நடமாடுகிறது என்று பொருள்.

குறை தெரிந்ததும் எழுதுங்கள். போனில் பேசக் கூடாது என்பதில்லை. பேசிய அன்றே "இன்று காலை பேசியபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் பதிவுத் தபால் என்று சொல்லியிருந்தால் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். இப்படி எழுதலாம்:

"மார்ச் 3 அன்று வடக்குப் படுக்கையறையின் வெளிச்சுவரில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு ஈரம் இருப்பதைக் கண்டோம். போட்டோக்கள் இணைக்கப்பட்டுள்ளன. ஒப்பந்தத்தின் ____ஆம் பகுதியின்படியும் பொருந்தும் சட்டத்தின்படியும் காரணத்தைக் கண்டறிந்து 30 நாளுக்குள் சரிசெய்யக் கோருகிறோம். சனிக்கிழமைகளில் காலை 10 மணி முதல் வீட்டைப் பார்வையிடலாம்."

கடைசி வரி முக்கியம். "அவர் எங்களை உள்ளேயே விடவில்லை" என்று பின்னால் சொல்ல முடியாது. அதுபோல, பில்டருக்கு வாய்ப்புக் கொடுக்காமல் நீங்களாகவே ஆள் வைத்து உடைத்துச் சரிசெய்துவிட்டால், உத்தரவாதத்தை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். தண்ணீர் கொட்டுகிறது, மின்சாரம் பாய்கிறது போன்ற அவசரத்தில் மட்டும், படம் எடுத்துத் தகவல் சொல்லிவிட்டு, ஆபத்தை நிறுத்தும் அளவுக்கு வேலை செய்யுங்கள். கழற்றிய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். சுவரை இடித்து அறையை விரிவாக்குவது, குளியலறையை மாற்றியமைப்பது போன்ற வேலைகளை உத்தரவாதக் காலம் முடியும்வரை தள்ளிப்போடுவதும் நல்லது. அந்தப் பகுதியில் எது கெட்டாலும் பழி உங்கள்மீது விழும்.

ஆள் வந்து வெறும் பெயின்ட் அடித்துவிட்டுப் போனால் "வேலை முடிந்தது" என்று கையெழுத்துப் போடாதீர்கள். என்ன காரணம், என்ன செய்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். சரிசெய்த வேலைக்குப் புதிதாக உத்தரவாதம் உண்டா என்றும் கேளுங்கள்.

படி 7: அசையாவிட்டால்

கடிதத்துக்குக் கொடுத்த நாள் முடிந்ததும் சார்பில்லாத இன்ஜினியரிடம் அறிக்கை வாங்குங்கள். "ஓதம் இருக்கிறது" என்பது போதாது. எதனால் வந்தது, கட்டும்போதே இருந்த குறையா, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்ற மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். பிறகு வழக்கறிஞர் நோட்டீஸ். அதற்கும் பதில் இல்லையென்றால், முழு நீதிமன்ற வழக்குக்கு முன், வீடு வாங்குபவர்களுக்கென்றே உள்ள அமைப்பைத் தேடுங்கள். இந்தியாவில் மாநில ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், அல்லது நுகர்வோர் ஆணையம். மலேசியாவில் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம். ஒன்டாரியோவில் உத்தரவாதத்தை நிர்வகிக்கும் டேரியன். பில்டரோடு பேச்சுவார்த்தை நடந்துகொண்டே இருந்தாலும் வழக்குப் போடும் காலக்கெடு நிற்காமல் ஓடும், அதையும் குறித்துவையுங்கள்.

அடுக்குமாடியில் மொட்டைமாடி, லிஃப்ட், வெளிச்சுவர், கழிவுநீர் நிலையம் எல்லாம் பொதுச் சொத்து. அவற்றுக்குத் தனியாகப் போராடி அலுத்துப்போக வேண்டாம். குடியிருப்போர் சங்கம் ஒரே அறிக்கை, ஒரே நோட்டீஸ் என்று போனால் செலவும் பங்காகும். சங்கம் பொறுப்பேற்கும் நாளில் பொதுப் பகுதிகளுக்கும் இதே போன்ற பார்வையிடல் வேண்டும். அதை முதல் கூட்டத்திலேயே எழுப்புங்கள்.

காலம் முடியும் முன் வீட்டை விற்க நேர்ந்தால், மீதி உத்தரவாதம் புது உரிமையாளருக்குப் போகுமா என்று ஒப்பந்தத்திலும் பாலிசியிலும் பாருங்கள். சிலவற்றில் தானாக மாறும், சிலவற்றில் குறிப்பிட்ட நாளுக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும். மாறும் என்றால், குறைப்பட்டியல், கடிதங்கள், பில்கள், பூச்சுக்கு முன் எடுத்த அந்தப் போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி, வீட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.